‘லா மேர்’: கடலா, அம்மாவா? பாடாங் கோத்தாவில் கேட்ட பிரெஞ்சுப் பாட்டு

ஜெலுத்தோங்காரன்:
போன சனிக்கிழமை சாயங்காலம் பினாங்குக் கடலோரம் பாடாங் கோத்தா லாமாவில் பசம்போர் என்ற பலகாரக் கலவை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடல்சுவர் ஓரமாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, அக்கார்டியன் வாசித்தபடி பிரெஞ்சில் பாடினார். ‘லா மேர்’ என்ற சொல்லும், அலை மாதிரி ஏறி இறங்கும் மெட்டும்தான் காதில் நின்றன. என்ன பாட்டு என்று இங்கே கேட்டேன். ‘மேர் என்றால் அம்மா, இதுகூடத் தெரியாதா’ என்று புதுவைப்பேரன் எழுதினார். தெரியாததால்தானே ஐயா கேட்டேன்? அவர் பேச்சை நம்பி இரண்டு நாள் அம்மா பாட்டாகத் தேடி ஓய்ந்துவிட்டேன்.

புதுவைப்பேரன்:
மேர் என்றால் அம்மாதான். என் தாத்தா புதுச்சேரியில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு போகவில்லை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார் என்று நீங்களே எழுதினீர்கள். கடலைப் பாடுகிறவன் எதற்குக் கண்ணை மூட வேண்டும்?

ஆயர்ஈத்தாம் மலர்:
கடலுக்கும் அம்மாவுக்கும் பிரெஞ்சில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. இரண்டும் பெண்பால், அதனால் முன்னால் வரும் ‘லா’வும் ஒன்றே. காதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எனக்கு இது பிரெஞ்சுப் பாடகர் சார்ல் த்ரெனே 1946-இல் பதிவு செய்த ‘லா மேர்’ என்றுதான் படுகிறது. அதே மெட்டில்தான் அமெரிக்கப் பாடகர் பாபி டாரின் ஆங்கிலத்தில் பாடிய ‘பியாண்ட் த சீ’ 1959-இல் வந்தது. மிஸ்டர் பீனின் 2007 படத்திலும் கடைசியில் கடற்கரையில் வருகிறது. போட்டுக் கேளுங்கள் தம்பி.

ஜெலுத்தோங்காரன்:
கேட்டேன் அக்கா. ஆரம்பம் அச்சாக அதேதான்! நடுவில் மட்டும் பெரியவர் பாடியது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

புதுவைப்பேரன்:
நடுவில் வேறு என்றால் பாட்டே வேறு. மேர் என்றால் அம்மா.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியைப் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆயர்ஈத்தாம் மலர்:
ஷசாம் ஏற்கெனவே பதிவான பாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தெருவில் ஒருவர் தன் போக்கில் பாடினால் பெரும்பாலும் பிடிக்காது. கூகுளில் 2020 முதல் மெட்டை முனகிக் காட்டியே தேடலாம். முனகிப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
பெயரை அவரிடமே கேட்டிருக்கலாமே? பினாங்குக்காரர்களுக்குத் தட்டு முன்னால் வந்துவிட்டால் காது அடைத்துவிடும்.

ஜெலுத்தோங்காரன்:
மழை பிடித்துக்கொண்டது, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். பசம்போரை இதில் இழுக்காதீர்கள். எங்கள் கறிச்சோறு நாசி கண்டாரைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
இப்போதும் சொல்வேன். கோலாலம்பூரில் கிடைப்பதற்கு அது ஈடாகாது.

புதுவைப்பேரன்:
பேச்சை மாற்றாதீர்கள். மேர் என்றால் அம்மா.

ஆயர்ஈத்தாம் மலர்:
ஐயா, அம்மாவைப் பாடுகிறவர் ‘மமான்’ என்பார், இல்லை ‘மா மேர்’, என் தாய், என்பார். பெற்றவளை மொட்டையாக ‘லா மேர்’ என்று பாடுவாரா? த்ரெனே 1943-இல் ரயிலில் போகும்போது, தென் பிரான்சில் கடலோர ஏரியைப் பார்த்து எழுதினார் என்று சொல்வார்கள். ஆடும் அலையும் வெள்ளை ஆடுகளும் வருகிற பாட்டு அது.

புதுவைப்பேரன்:
ஏரியைப் பார்த்து எழுதியது எப்படிக் கடல் பாட்டாகும்? நீங்களே உங்கள் வாதத்தைக் கவிழ்த்துவிட்டீர்கள். பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் நீங்கள் இரண்டு வருடம் படித்ததும், நான் வீட்டில் கேட்டு வளர்ந்ததும் ஒன்றாகிவிடாது.

ஆயர்ஈத்தாம் மலர்:
வீட்டில் கேட்டு வளர்ந்தீர்கள், சரி. ஒரு வரி பிரெஞ்சில் இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.

புதுவைப்பேரன்:
தேர்வு எழுத நான் வரவில்லை. என் தாத்தா அம்மாவை எப்படிக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். அப்புறம், நம் மீனவர்களே கடலைக் கடலம்மா என்றுதான் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் அது அம்மா பாட்டுதான்.

ஜெலுத்தோங்காரன்:
கடல் என்பதைத்தான் ஐயா நீங்கள் இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள்!

புதுவைப்பேரன்:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

ஜெலுத்தோங்காரன்:
வரும் சனிக்கிழமை மறுபடி பாடாங் கோத்தாவுக்குப் போகிறேன். பெரியவர் இருந்தால் கேட்டுவிடுவேன்.

புதுவைப்பேரன்:
கேளுங்கள். அம்மா என்றுதான் சொல்வார்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
இந்த முறையாவது சாப்பிடுவதற்கு முன்னால் கேளுங்கள்.