கோழி எரு போட்ட கத்தரிச் செடி ஓரம் கருகுகிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
கொல்லையில் எட்டு கத்தரிச் செடி, நட்டு 40 நாள். ஐந்து நாள் முன்பு கூண்டுக்கு அடியில் கிடந்த ஈர எச்சத்தை அள்ளி, செடிக்கு மூன்று கை வீதம் தண்டை ஒட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டேன். இப்போது அடி இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மதியம் செடி துவண்டு போகிறது. மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வாடல் நோயா, எரு சுட்டுவிட்டதா?

பதில் 1:
எரு சுட்டதுதான். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரத்தில் அது சிதைந்து அம்மோனியா வரும். அதுவும் உப்பும் சேர்ந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். மண்ணில் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது, அதனால்தான் மதியத் துவளல். மேலே பூத்திருப்பதும் உப்புதான்.

இன்றே எருவையும் அதன் அடியில் ஓர் அங்குல மண்ணையும் சுரண்டி எடுங்கள். மாலையில் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் மெதுவாக ஊற்றி, அரை மணி விட்டு இன்னொரு குடம். தேங்காமல் வடிய வழி இருக்கட்டும். பிறகு மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம், பஞ்சகவ்யம் உட்பட. பாதி பச்சையாக உள்ள இலையைக் கிள்ளாதீர்கள். கருகிய ஓரம் திரும்பாது. நுனித் தளிர் சுத்தமாக வந்தால் செடி தேறிவிட்டது.

பதில் 2:
வாடலா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாக்டீரியா வாடலில் இலை பெரும்பாலும் கருகாமல் பச்சையாகவே தொங்கும். மிக மோசமான செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் போல இறங்கினால் வாடல். அந்தச் செடியை வேரோடு அப்புறப்படுத்துங்கள்; அந்த இடத்தில் தக்காளி, மிளகாய் வைக்கக் கூடாது.

கேட்டவர்:
பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. நன்றி. ஆறு கோழி எருவை வீணாக்க மனமில்லை. சாம்பல் கலந்தால் சூடு குறையுமா?

பதில் 1:
சாம்பலும் சுண்ணாம்பும் கலக்கவே கூடாது. காரத்தன்மை ஏறினால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான்.

மக்கவைப்பதுதான் வழி. ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை காய்ந்த சருகு. உமி கலந்த கூண்டுக் கழிவென்றால் சருகு பாதி போதும். குவியல் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம். இதற்குக் குறைந்தால் சூடு நிற்காது. கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம். சில நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். வாரம் ஒருமுறை, நான்கைந்து தடவை வெளிப்பகுதி உள்ளே போகும்படி புரட்டுங்கள். பிறகு ஒரு மாதம் மூடி வைத்துவிடுங்கள். நெடி போய் மண்வாசம் வந்ததும் ஒரு கப்பில் எடுத்து வெந்தயம் தூவிப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் எரு தயார். செடிக்கு இரண்டு கை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

பதில் 3:
கீரைப் பாத்திக்குப் பச்சை எச்சம் ஒருபோதும் வேண்டாம். வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இலையில் ஒட்டும், கழுவினாலும் முழுக்கப் போகாது. கோழிகளையும் அந்தப் பக்கம் விடாமல் வலை கட்டிவிடுங்கள்.