டென்னிஸ்ல டபுள்ஸ் மட்டுமே ஆடுற புரோ யாரையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா? அனுபவம் இருந்தா எழுதுங்க

நரம்புக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல சேலஞ்சர் (பெரிய டூருக்கு ஒரு படி கீழ இருக்கிற போட்டி) நடக்கும்போது ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுற மேஜைல உக்காந்திருப்பேன். இவர் வெளிநாட்டுக்காரர், டபுள்ஸ் மட்டும்தான். இப்பவும் ஆடிட்டு இருக்கார், அதனால பேர் வேண்டாம்.

காலைல ஒரு ராக்கெட்டைக் கொண்டுவந்து வச்சார். நடு ஸ்ட்ரிங் அறுந்திருக்கு. "போட்டுடவா?"ன்னு கேட்டதுக்கு, "இரு, உள்ள வந்தா சொல்றேன்"னுட்டார். ஆல்டர்னேட் லிஸ்ட்ல முதல் ஜோடி அவங்க. டிராவுல (ஆட்டப் பட்டியல்ல) 16 ஜோடி. அதுல யாருக்காவது உடம்புக்கு ஏதாவது வந்து விலகினாத்தான் இவங்களுக்கு மேட்ச். ஸ்ட்ரிங்கும் கூலியும் சொந்தக் காசு, ஆடாத மேட்சுக்கு எதுக்குப் போடணும்?

எனக்கு எதிர் பெஞ்சுல அவரும் பார்ட்னரும். ரிஸ்ட் பேண்ட் வரைக்கும் மாட்டி ரெடி. கொஞ்ச நேரத்துல ரெஃப்ரி ரூம் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார், இல்லைன்னு தலையை ஆட்டினார், போயிட்டார். இவங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. ஒரே நேரத்துல போனை எடுத்தாங்க. என் ஸ்டூல் உசரம், ஸ்கிரீன் நல்லாவே தெரியுது. அடுத்த வாரத்துக்குப் பார்ட்னர் கேட்டு மெசேஜ். அவர் ஒருத்தருக்கு, இவர் வேற ஒருத்தருக்கு. தோள் இடிக்க உக்காந்துக்கிட்டு, மறைக்கக்கூட இல்ல.

அப்புறம் அந்த ராக்கெட்டை அப்படியே வாங்கிட்டுப் போயிட்டார். சண்டை போட்டிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன்.

கேலரி கண்ணன்:

எனக்கு 2017 ஃபைனல். அதே ஸ்டேடியம். போபண்ணாவும் ஜீவனும் ஒரு பக்கம், புரவ் ராஜாவும் திவிஜ் சரணும் எதிர்ப்பக்கம். 6-3, 6-4. நாலு பேரும் இந்தியர்கள், அதுல ஜீவன் நம்ம ஊர்ப் பையன், சத்தத்துக்குக் கேக்கணுமா.

நான் பேஸ்லைனுக்குப் பின்னாடி, கீழ் வரிசை. டிவில பார்க்கும்போது பந்தைத்தான் பார்ப்போம். இங்க உக்காந்தா கண்ணு நெட் கிட்ட நிக்கிறவரோட முதுகுக்குப் போயிடுது. சர்வ் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கை பின்னால வரும். சர்வ் நடுக்கோட்டுக்கா, அகலமாவா, உடம்புக்கா; நான் குறுக்கே பாயப்போறேனா, நிக்கப்போறேனா, எல்லாம் விரல்லயே. ஒரு பாயிண்ட்ல நெட் ஆள் பாய்ஞ்சார். ரிட்டர்ன் அவர் விட்டுட்டுப் போன இடத்துலயே, லைனை ஒட்டிப் போச்சு. பார்க்க அசிங்கமா இருக்கும் அந்த மாதிரி பாயிண்ட், ஆளில்லாத வீட்டுக்குள்ள பந்து நுழைஞ்ச மாதிரி. உடனே ரெண்டு பேரும் நடந்து வந்து கையைத் தட்டிக்கிட்டாங்க. பக்கத்துல இருந்த பெரியவர் என்கிட்ட, "பாயிண்ட் இவங்களுக்கா தம்பி?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். "அப்புறம் எதுக்குக் கை குடுக்கிறாங்க?" எனக்குப் பதில் வரல. அடுத்த சர்வுக்கு அதே ஆள் அதே சைகையைக் காட்டிட்டு மறுபடி பாய்ஞ்சார்!

அதுக்கப்புறம் ஏடிபி (ஆண்கள் டூர்) போட்டியே புனேக்குப் போயிடுச்சு. 1997, 98, 99, 2002, 2011னு பேயஸும் பூபதியும் அஞ்சு தடவை கப் தூக்கின கோர்ட்டுங்க அது. வயித்தெரிச்சல்.

பேஸ்லைன் பாபு:

கை தட்டிக்கிறது, விரல் காட்டுறது எல்லாம் அழகுதான். கொஞ்சம் நெஜமும் பேசலாமா? சிங்கிள்ஸ்ல நிக்க முடியாதவங்க ஒதுங்குற இடம் டபுள்ஸ். 2004-ல இதே நுங்கம்பாக்கத்துல, 17 வயசு நடால் ராப்ரெடோவோட சேர்ந்து டபுள்ஸ் கப்பை எடுத்துட்டுப் போனார். 2022 ஆஸ்திரேலிய ஓப்பன்ல கிர்ஜியோஸும் கொக்கினாகிஸும் வைல்டு கார்டுல (ரேங்கிங் பார்க்காம, நடத்துறவங்க குடுக்கிற இடம்) நுழைஞ்சு ஜெயிச்சாங்க. ஸ்பெஷலிஸ்டெல்லாம் அப்ப எங்க போயிருந்தாங்க?

என் அனுபவமும் இருக்கு. காலேஜ் டீம்ல ஆடினவன் நான். ஒரு டபுள்ஸ் புரோவுக்கு பிராக்டிஸுக்கு ஆள் கிடைக்கலைன்னு கூப்பிட்டாங்க. நான் சர்வ் போட்டுட்டு நெட்டுக்கு ஓடி வரணும், அவர் ரிட்டர்ன் அடிக்கணும், அவ்வளவுதான் வேலை. வேகமான ரிட்டர்ன் கிடையாது. ஆனா எல்லாம் என் ஷூ மேலயே வந்து விழுது. குனிஞ்சு தூக்கிவிட்டா அவர் ஏற்கெனவே நெட்டுக்கு வந்து நிக்கிறார். மறுபடி ஷூ. கடுப்பாகி ஓடி வராம பின்னாடியே நின்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டி "வா, வா"ங்கிறார். அப்புறம் பேஸ்லைன்லேர்ந்து ராலி ஆடினோம், அதுல நான் நல்லாவே பாயிண்ட் எடுத்தேன். அதைத்தான் சொல்றேன்.

சைடுலைன் சித்ரா:

பாபு, உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லிட்டுப் போயிட்டீங்க. ஷூ மேல விழுற பந்து தற்செயலா? வாழ்க்கை முழுக்க அந்த ஒரு ரிட்டர்னை அடிச்சு அடிச்சுப் பழகினவர் அவர்.

வைல்டு கார்டு கணக்குப் பேசினா இதையும் சேத்துக்கோங்க. 2025 யுஎஸ் ஓப்பன்ல கலப்பு இரட்டையரை மாத்தி அமைச்சு, பெரிய சிங்கிள்ஸ் ஆளுங்களையா கூப்பிட்டு நடத்தினாங்க. முதல் பரிசு 10 லட்சம் டாலர். ஜெயிச்சது யாரு? முந்தின வருஷமும் ஜெயிச்ச எர்ரானியும் வவசோரியும். ஃபைனல்ல தோத்தது ஷ்வியான்டெக்கும் ரூடும்.

நான் சொல்ல வந்தது 2022 செப்டம்பர், சென்னைல நடந்த டபிள்யூடிஏ (பெண்கள் டூர்) போட்டி. பிரேசில் ஸ்டெஃபானியும் கனடா டப்ரோவ்ஸ்கியும். முந்தின வருஷ யுஎஸ் ஓப்பன் அரையிறுதில, இதே டப்ரோவ்ஸ்கி கூட ஆடும்போதுதான் ஸ்டெஃபானிக்கு முழங்கால் தசைநார் அறுந்து, வீல்சேர்ல கூட்டிட்டுப் போனாங்க. வருஷம் கழிச்சுத் திரும்பி வந்த முதல் போட்டி நம்ம ஊர்ல. என்னைச் சுத்தி இருந்தவங்க யாருக்கும் இது தெரியல, எல்லாரும் சிங்கிள்ஸைப் பத்தியே பேசிட்டிருந்தாங்க. எனக்கு மட்டும் கண்ணு அந்த முழங்கால்லயே. தலைக்கு மேல லாப் போகும்போதெல்லாம் பின்னால திரும்பி ஓடணும் பாருங்க, அந்தத் திருப்பத்துல நான் மூச்சைப் பிடிச்சுக்குவேன். அவங்க பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருந்தாங்க. கப் அவங்களுக்கே. பந்து எங்க விழுந்துதுன்னு கேட்டா எனக்குப் பாதி பாயிண்ட் ஞாபகமில்ல.

கோவை அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஜூனியர் பிரிவில் ஆடுகிறான். ஒரு ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டியில் டபுள்ஸ் மட்டும் ஆடும் ஒருவரிடம், "இவனுக்கு ஏதாவது சொல்லுங்கள் சார்" என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்துவிட்டு, "கூட ஆட நல்ல பையனாகப் பார்த்துக்கொள், நல்ல ஆட்டக்காரன் அப்புறம்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. அதோடு பேச்சு முடிந்தது. அது ஏனோ மனதில் நின்றுவிட்டது.

இங்கே இளைஞர்கள் பலர் படிப்பதால் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். சிங்கிள்ஸை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். டபுள்ஸ் டிராவில் நுழையச் சிங்கிள்ஸ் ரேங்கிங்கையும் காட்டலாம். ஆரம்பத்தில் பலருக்குக் கதவு திறப்பதே அதனால்தான். அடுத்து, ஜோடியாக நுழையும்போது இருவர் ரேங்கிங்கையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். நீங்கள் முன்னேறினாலும் பார்ட்னர் சரிந்தால் நீங்களும் வெளியே. எடுத்த ரேங்கிங் பாயிண்ட் 52 வாரத்தில் கழன்றுவிடும், ஆகவே போன வருடம் இதே வாரம் என்ன செய்தோம் என்று எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எம்15 (ஐடிஎஃப்-இன் ஆண்கள் போட்டிகளில் அடிப்படி) என்றால் போட்டி முழுவதற்கும் சேர்த்துப் பரிசு 15,000 டாலர். அதில் பெரும்பங்கு சிங்கிள்ஸுக்கு. டபுள்ஸுக்கு வருவது சொச்சம், அதையும் இருவர் பிரிக்க வேண்டும். விமான டிக்கெட்டை யோசித்துப் பாருங்கள்.

பயிற்சியில் பாதி நேரம் சர்வும் ரிட்டர்னும்தான் இருக்க வேண்டும். டூர் டபுள்ஸில் 2006 முதல் 40-40 என்றால் ஒரே பாயிண்ட், அட்வான்டேஜ் கிடையாது. அந்த சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் ஜோடி தீர்மானிக்கும். ஜோடிக்கொரு செட் என்றால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டைபிரேக். விம்பிள்டன்கூட ஆண்கள் டபுள்ஸை 2023-ல் மூன்று செட்டாகக் குறைத்துவிட்டது. ஆகவே பொறுமையாக ஆடிப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. முடிந்தால் இடதுகைக்காரர் ஒருவரைப் பார்ட்னராகப் பிடியுங்கள். வலது, இடது சேர்ந்தால் ஆளுக்கொரு பக்கமிருந்து சர்வ் போட்டு, பந்தைத் தூக்கும்போது கண்ணில் வெயில் படாமல் தப்பிக்கலாம். அமெரிக்கக் கல்லூரி வழியையும் யோசியுங்கள். அங்கே அணிப் போட்டியின் ஏழு பாயிண்டில் ஒன்று டபுள்ஸுக்கென்றே இருக்கிறது.

உடம்பு முக்கியம். போபண்ணாவுக்கு முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோனது. ஐயங்கார் யோகாதான் கைகொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2024-ல், 43 வயதில், எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் வென்று முதலிடத்துக்கும் வந்தார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு அவர் தேர்ந்தெடுத்த பார்ட்னர் எங்கள் கோவை ஸ்ரீராம் பாலாஜி. அவசரம் வேண்டாம், 35-க்கு மேல்தான் டபுள்ஸ் ஆட்டம் பழுக்கிறது என்பது என் கருத்து. பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். விசா விஷயத்தில்

(நீளமாகிவிட்டது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.)

பேஸ்லைன் பாபு:

சார், பாஸ்போர்ட் பக்கம் எத்தனைன்னு இங்க யாரும் கேக்கல. உங்ககிட்ட பேசின அந்த ஆள் சொன்னதுதான் விஷயம், அதை ரெண்டே வரில முடிச்சுட்டீங்க. "நல்ல பையனா"ன்னா என்ன? கூட ரூம் எடுத்துத் தங்குறதுக்கா, தோத்தா மூஞ்சி காட்டாம இருக்குறதுக்கா?

சித்ரா மேடம், எர்ரானி சிங்கிள்ஸ்ல ஃப்ரெஞ்ச் ஓப்பன் ஃபைனல் ஆடினவங்க, 2012-ல. அவங்களை டபுள்ஸ் கணக்குல சேத்தா எப்படி?

சைடுலைன் சித்ரா:

அப்ப சிங்கிள்ஸ்ல முடியாதவங்க ஒதுங்குற இடம்னு நீங்க மேல சொன்னது?

விமான நிலையம் வரை:

ஒரு போட்டில டிரான்ஸ்போர்ட் வாலண்டியரா இருந்தேன். ஹோட்டல்லேர்ந்து ஆட்டக்காரங்களை ஏர்போர்ட்டுக்கு அனுப்புற வேலை. ஒரு ஜோடி, டைபிரேக் 8-10ல தோத்து வந்தாங்க. ரொம்ப நாளா சேர்ந்து ஆடினவங்க. ஒருத்தருக்கு மதியம் ஃபிளைட், இன்னொருத்தருக்கு ராத்திரி, வேற வேற நாட்டுக்கு. வண்டிக்கு எழுதும்போதே புரிஞ்சுபோச்சு.

செலவு மிச்சம்னு ரெண்டு பேரும் பணம் போட்டு ஸ்ட்ரிங் ரீல் ஒண்ணு வாங்கி வச்சிருந்தாங்க. புதுசு, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல. அந்த ஸ்ட்ரிங்கை இப்ப ஆளுக்குப் பாதியாப் பங்கு போடணும். லாபித் தரைல ரெண்டடி டைல்ஸ். ஒருத்தர் ரீலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கோடில நிக்கிறார், இன்னொருத்தர் நுனியைப் பிடிச்சுக்கிட்டு டைல்ஸை எண்ணிக்கிட்டே நடக்கிறார். இருபது டைல்ஸ், கட். சுருட்டி ஒரு குவியல். மறுபடி இருபது, கட், அடுத்த குவியல். ரிசப்ஷன்ல எல்லாரும் வேலையை விட்டுட்டுப் பார்க்கிறாங்க. நடுவுல பெட்டி தள்ளிட்டு வந்த ஒரு குடும்பம் ஸ்ட்ரிங்கைத் தாண்டிப் போகுது, இவங்க தூக்கிப் பிடிச்சு வழி விடுறாங்க. பாகப்பிரிவினைக்குக்கூட இவ்வளவு நேர்மையா அளந்து நான் பார்த்ததில்ல.

1999-ல நாலு கிராண்ட் ஸ்லாமிலும் ஃபைனல் ஆடி ரெண்டை ஜெயிச்ச பேயஸ்–பூபதியே பிரிஞ்சாங்க, சேர்ந்தாங்க, மறுபடி பிரிஞ்சாங்க. அதைப் பேப்பர்ல படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்துது. இதை நேர்ல பார்த்தப்புறம் யார் மேல கோபப்படுறதுன்னே தெரியல. கடைசில முதல் ஆள் வண்டில ஏறும்போது, இன்னொருத்தர்தான் பையைத் தூக்கி டிக்கில வச்சார்.

நரம்புக்காரன்:

அளவு சரிதான். ரெண்டடின்னு விக்கிற டைல்ஸ் 60 சென்டிமீட்டர், இருபது டைல்ஸுக்கு 12 மீட்டர், ஒரு ராக்கெட்டுக்கு அதான் கணக்கு. ரீல் 200 மீட்டரா இருந்தா 16 துண்டு, ஆளுக்கு எட்டு. அப்பவும் எட்டு மீட்டர் மிஞ்சும். அதுல முழு ராக்கெட் போட முடியாது, ஆனா மெயினுக்கு (நீளவாக்கு) மட்டும் இதைப் போட்டு, கிராஸுக்கு (குறுக்குவாக்கு) வேற ஸ்ட்ரிங் போட்டுக்கலாம். நல்ல ஸ்ட்ரிங்கா இருந்தா யாரும் தூக்கிப் போடமாட்டாங்க. அந்த எட்டு மீட்டரை எடுத்துட்டுப் போனது யாரு, மதிய ஃபிளைட்டா, ராத்திரி ஃபிளைட்டா?