ஃபீஸ் பாக்கி என்று பிள்ளையை வெளியே நிறுத்தச் சொன்னால், நல்ல டீச்சரும் ஏன் நிறுத்துகிறார்?

கொளத்தூர் வாசுகி:
என் பொண்ணு இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். போன வாரம் பரீட்சை அன்று, ஃபீஸ் பாக்கி இருந்த பிள்ளைகளை வராண்டாவில் நிற்க வைத்துவிட்டார்கள். அவள் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அழுதிருக்கிறாள். லிஸ்ட்டை வாசித்து அனுப்பியது கிளாஸ் மிஸ். யாராவது டிபன் பாக்ஸை மறந்து வந்தால் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுக்கிறவர். கேட்டேன். "ஆபீஸ்லேர்ந்து லிஸ்ட் வந்துச்சு மேடம், நான் என்ன பண்றது?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கல்நெஞ்சுக்காரர் செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இவரால் எப்படி முடிந்தது?

அம்பத்தூர் டீச்சர்:
அக்கா, எடுத்த எடுப்பில் யாரும் வெளியே நிறுத்தச் சொல்வதில்லை. முதலில் டைரியில் எழுதி அனுப்பச் சொல்வார்கள். அடுத்த டேர்மில் பேரை வகுப்பில் வாசிக்கச் சொல்வார்கள். அப்புறம் கடைசி பெஞ்ச். வராண்டா வரும்போது, நேற்று செய்ததைவிட இது கொஞ்சம்தானே அதிகம் என்று தோன்றிவிடும். எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் வேறு ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மனசு அடித்துக்கொள்ளும். யார் முதலில் வாய் திறப்பது என்று எல்லோரும் திருத்துகிற பேப்பரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

திருவல்லிக்கேணி ரவி:
டீச்சர் சொல்கிற படிப்படியான ஏற்றம் உளவியல் ஆய்வாளர் ஸ்டான்லி மில்கிராமின் சோதனையிலும் உண்டு. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால், சோதனையை நடத்தும் அதிகாரி சொல்கிறபடி ஷாக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் 15 வோல்ட் கூட்டி, 450 வரை. ஷாக் உண்மையில் கிடையாது, உள்ளே இருந்தவர் நடிகர். ஆனால் சுவிட்சை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், போதும் என்று கெஞ்சினார்கள். அப்படியும் 40 பேரில் 26 பேர் கடைசி வரை போனார்கள்.

ஸ்டாஃப் ரூமுக்குப் பொருந்துவது இன்னொரு சுற்று. அதில் ஒவ்வொருவரோடும் இரண்டு நடிகர்கள் கூட உட்கார்ந்து, நடுவில் ஒருவர் பின் ஒருவராக "முடியாது" என்று எழுந்துவிட்டார்கள். கடைசி வரை போனவர்கள் அப்போது 40 பேரில் 4 பேர்தான். மனிதர்கள் அதே மாதிரி ஆட்கள்தான், அதிகாரியும் அதே அதிகாரிதான். மறுக்கலாம் என்று கண்ணெதிரே ஒருவர் காட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரம்பூர் வக்கீல்:
கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனை, மன உளைச்சல் இரண்டும் கூடாது. டீச்சரின் வேலை பள்ளி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, அதனால் முதல் ஆளாக அவரை நிற்கச் சொல்லாதீர்கள். ஃபீஸ் கட்டி முடித்த பெற்றோர் முதலில் பேசட்டும்.

கொளத்தூர் வாசுகி:
நாங்கள் கட்டிவிட்டோம் சார். என்னைப் போல இன்னும் நாலு வீடு இருக்கிறது, இன்றைக்கே பேசுகிறேன். மனுவை பிரின்சிபாலுக்கு எழுதுவதா, கரஸ்பாண்டன்ட்டுக்கா? மிஸ் பேர் அதில் வராமல் எழுத வேண்டும்.