லீஸ் காரிலை புளோரிடாவுக்கு அஞ்சு மாசம்: கடிதம் கட்டாயம் வேணுமோ?

பனிக்குப்பயந்தவன்

வணக்கம். ஸ்காபரோவிலை இருக்கிறம். நானும் மனிசியும் ஓய்வெடுத்தபிறகு வாற முதல் குளிர். நவம்பர் 10 வெளிக்கிட்டு ஏப்ரல் 5 மட்டும் ஓர்லாண்டோவுக்குக் கிட்ட ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறம். கார் நாலு வருஷ லீஸ், வருஷத்துக்கு 20,000 கிலோமீற்றர்.

லீஸ் கொம்பனிக்கு அடிச்சுக் கேட்டனான். போன் எடுத்த பிள்ளை "அமெரிக்காதானே, பிரச்சினை இல்லை" எண்டு சொல்லிட்டுது. டீலர் "30 நாளுக்கு மேலை நிண்டால் லீஸ் கொம்பனியிட்டை அனுமதிக் கடிதம் எடுக்கோணும்" எண்டுறார். ஒப்பந்தத்தை விரிச்சு வைச்சுப் பாத்தன், எழுத்து எறும்பு ஊருற மாதிரி. கண்ணாடி போட்டும் விளங்கேல்லை. பேர்மிற்றிலை, அதுதான் வாகனப் பதிவுப் பத்திரத்திலை, பிளேட் என்ரை பேர், வாகனம் அவையின்ரை பேர். போர்டரிலை இதைக் கேப்பாங்களோ?

லவால்தம்பி

கேப்பாங்கள் அண்ணை. எல்லாரிட்டையும் இல்லை, ஆனால் கேக்கிற நாளிலை கையிலை பேப்பர் இல்லாட்டில் கதை கந்தல். என்ரை மாமாவை உள்ளுக்கை கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் இருத்தினவங்கள். அந்த ஒபிசர் பேர்மிற்றிலை வாகனச் சொந்தக்காரர் எண்ட இடத்திலை விரலை வைச்சுக்கொண்டு, "இந்தக் கொம்பனிக்கு நீ அஞ்சு மாசம் போறது தெரியுமோ?" எண்டு திருப்பித் திருப்பி ஒரே கேள்விதான். சனிக்கிழமை பின்னேரம், லீஸ் கொம்பனி பூட்டு. கடைசியிலை ஒப்பந்தத்தின்ரை கொப்பியை போனிலை காட்டித் தப்பினவர்.

போனிலை ஆர் என்ன சொன்னாலும் அது காத்தோடை போற கதை. ஈமெயில் போடுங்கோ. கொம்பனித் தலைப்புத் தாளிலை உங்கடை முழுப்பேர், பிளேட், வின் நம்பர் (காரின்ரை அடையாள எண்), போற திகதி, வாற திகதி, அவையின்ரை போன் நம்பர் எல்லாம் இருக்கோணும்.

இன்சூரன்சுக்கு என்னைக் கேக்காதேங்கோ. எங்களுக்கு இஞ்சை கியூபெக்கிலை உடற்காயத்துக்கு அரசாங்கமே பொறுப்பு, வெளிநாட்டிலை அடிபட்டாலும் அதுதான். ஒன்ராறியோ வேறை கணக்கு.

தெற்கத்திக்காத்து

கடிதம் கிடக்கட்டும், புளோரிடாவிலை ஓட இன்ரர்நேஷனல் டிரைவிங் பேர்மிற் வேணும் எண்டு கேள்விப்பட்டனான். அதை முதல்லை எடுங்கோ.

பொலிசிக்காரன்

அது பழைய செய்தி. 2013 தொடக்கத்தில் அப்படி ஒரு சட்டம் புளோரிடாவில் வந்தது உண்மை. சில மாதங்களிலேயே எடுத்துவிட்டார்கள். ஒன்ராறியோ லைசென்ஸ் போதும்.

நான் இன்சூரன்ஸ் துறையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஒன்ராறியோ கார் பொலிசி அமெரிக்காவிலும் செல்லும். ஆனால் ஒரு வாரச் சுற்றுலா வேறு, கார் அஞ்சு மாதம் வேறு இடத்தில் நிற்பது வேறு. புரோக்கருக்குத் திகதிகளோடு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது குடும்பப் பாதுகாப்பு, அதாவது பொலிசியோடு சேர்க்கும் ஓ.பி.சி.எஃப் 44 ஆர் என்ற கூடுதல் காப்பு. புளோரிடாவில் சாதாரண கார் ஓட்டி கட்டாயம் வைத்திருக்க வேண்டியது தன் சொந்த மருத்துவத்துக்கு 10,000 டாலர், அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 10,000 டாலர், அவ்வளவுதான். அவர் உங்களை இடித்துக் காலை முறித்தால் அதற்குரிய காப்புறுதி அவரிடம் இல்லாமலே இருக்கலாம். அப்போது உங்கள் பொலிசியில் உள்ள 44 ஆர்தான் கைகொடுக்கும். பொலிசியின் முதல் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பனிக்குப்பயந்தவன்

44 ஆர் இருக்கு, நன்றி. ஆனால் வேறை பூதம் கிளம்பிட்டுது. கடிதம் கேட்டு ஈமெயில் போட, "உங்கடை லீஸ் பெப்ரவரி 18 முடியுது, அதுக்கு மேலை கடிதம் தர ஏலாது" எண்டு பதில் வந்திருக்கு. நாலு வருஷம் முடியப்போகுதெண்டு எனக்கு ஞாபகமே இல்லை! மனிசி சிரிக்கிறா. பெப்ரவரியிலை அங்கையே ஒரு டீலரிட்டைக் காரைக் குடுத்திட்டு வரேலாதோ?

கிலோமீட்டர்கணக்கு

முடியாதுங்க அண்ணா. அது கனடா லீஸ், கனடாவுலதான் திருப்பணும். உங்களுக்கு ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடியே லீஸை சில மாசம் நீட்டிக்கிறது. இன்னொண்ணு, இப்பவே காரை வாங்கிடறது. வாங்கினா மிச்ச விலை மேல 13 சதவீதம் எச்.எஸ்.டி. விற்பனை வரி கட்டணும், ஆனா கடிதத் தொல்லையே இல்ல, பேர்மிட் முழுசா உங்க பேருக்கு வந்துடும்.

நீட்டிக்கறதா இருந்தா ஓடோமீட்டரைப் பாத்தீங்களா? டொரோன்டோலேர்ந்து ஓர்லாண்டோ ஒரு வழி சுமார் 2,100 கிலோமீட்டர், போக வர 4,200. அங்க தினம் சராசரி 30 ஓடினாலே 147 நாளுக்கு 4,410. மொத்தம் 8,610. இப்ப எவ்வளவு காட்டுது?

பனிக்குப்பயந்தவன்

71,600. நாலு வருஷத்துக்கு 80,000 எண்டால் மிச்சம் 8,400 தங்கச்சி. நவம்பர் மட்டும் இஞ்சை ஓடுறதும் இருக்கு.

கிலோமீட்டர்கணக்கு

அப்ப தாண்டும். நீட்டிக்கிற மாசங்களுக்குக் கூடுதல் கிலோமீட்டர் சேத்துத் தருவாங்களான்னு அதே ஈமெயில்ல கேளுங்க. இல்லாட்டி ஒப்பந்தத்துல கிலோமீட்டருக்கு எத்தனை சென்ட்னு பாத்து இப்பவே கணக்குப் போட்டுக்குங்க.

லவால்தம்பி

கார்க் கதையிலை ஆக்களை மறந்திடாதேங்கோ. 2025 ஏப்ரல் 11 தொடக்கம் 30 நாள் அல்லது அதுக்கு மேலை அமெரிக்காவிலை நிக்கிற கனடாக்காரரும் அமெரிக்க அரசாங்கத்திட்டைப் பதியோணும். ஐ-94 எண்ட வருகைப் பதிவு இருந்தால் அதுவே போதும். தரைவழியாப் போறவைக்கு வழமையாத் தாறேல்லை, அதாலை போகமுதலே ஒன்லைனிலை விண்ணப்பிக்கலாம்.

நாள் கணக்கும் எழுதி வையுங்கோ. ஓஹிப் (ஒன்ராறியோ மருத்துவக் காப்பு) 12 மாசத்திலை 212 நாள் மட்டும் வெளியிலை நிக்க விடும், உங்கடை 147 பிரச்சினையில்லை. நீங்கள் அங்கை வரி கட்டுற ஆளோ எண்டு பாக்கிற அமெரிக்க வரிக்கணக்கு அப்பிடியில்லை. இந்த வருஷ நாள் முழுக்க, போன வருஷத்திலை மூண்டிலொண்டு, அதுக்கு முதல் வருஷத்திலை ஆறிலொண்டு கூட்டுவினம். ஒவ்வொரு குளிருக்கும் இப்பிடியே போனால் 147, 49, 24.5, கூட்டினால் 220.5. 183 அல்லது அதுக்கு மேலை வந்தால், கனடாவோடைதான் கூடத் தொடர்பு எண்டு காட்டுற 8840 படிவம் நிரப்போணும். முதல் குளிரிலை வராது, மூண்டாம் வருஷத்திலை வந்து நிக்கும்.

பனிக்குப்பயந்தவன்

கடைசி நிலவரம். லீஸை மூண்டு மாசம் நீட்டியாச்சு, மே 18 மட்டும். மாதக் கட்டணம் அதேதான், கிலோமீற்றரும் மாசக் கணக்கிலை சேத்துத் தருவினமாம், எழுத்திலை வந்திட்டுது. இன்சூரன்ஸ்காரரும் திகதியைக் குறிச்சிட்டினம். ஐ-94 மகள் போட்டுத் தந்தவ.

கடிதம் போன கிழமை வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழை போய், விண்ட்ஷீல்டுக்கு அடியிலை கிடக்கிற தகட்டோடை வின் நம்பரை ஒவ்வொண்டாய் ஒத்துப் பாத்தன். பதினோராவது இடத்திலை பூச்சியத்துக்குப் பதிலாய் 'ஓ' எழுத்து அடிச்சிருக்கினம். வின் நம்பரிலை 'ஓ' எழுத்தே வராது எண்டு மகள் சொன்னவ. திருப்பி அனுப்பினன். திருத்தின கடிதம் இண்டைக்குக் காலமை வந்திட்டுது. ரெண்டு கொப்பி. ஒண்டு காருக்கை, மற்றது மனிசியின்ரை கைப்பைக்கை.

பொலிசிக்காரன்

நல்லது. வின்ரர் ரயர் போட்டதற்கு இன்சூரன்ஸில் கழிவு வாங்குகிறீர்களா? வாங்கினால் ரயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகமுதல் அதையும் புரோக்கரிடம் கேளுங்கள்.

பனிக்குப்பயந்தவன்

ஐயோ. வாங்கிறன்.