சும்மா இருக்கத் தெரியவில்லை: பத்து நாள் மௌன முகாம் உதவுமா?

பெருங்குடிவாசி:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் இருப்பதால், நாம் இரவு உணவுக்கு உட்காரும் நேரத்தில்தான் அவர்களுக்குப் பொழுது விடிகிறது; அழைப்புகள் பதினொரு மணி வரை நீள்வது வழக்கம். சென்ற மாதம் ஒரு வாரம் விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அம்மா கொடுத்த காபியை எப்போது குடித்து முடித்தேன் என்பதே நினைவில்லை. வேலை நின்ற பிறகும் வேகம் நிற்கவில்லை என்பதுதான் என் கவலை. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில், யாருடனும் பேசாமல் இருந்து தியானம் பழகும் பத்து நாள் விபஸ்ஸனா முகாமில் சேரலாமா என்று யோசிக்கிறேன். சென்று வந்தவர்கள், அதன் பயன் எத்தனை நாள் நிலைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாழ்வாரம்:
நான் அம்முகாமை ஒருமுறை முழுமையாக முடித்திருக்கிறேன். கைபேசி, புத்தகம், எழுதுபொருள் யாவற்றையும் தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அதிகாலை 4 மணிக்கு மணி ஒலிக்கும். அதன்பின் இரவு வரை ஏறத்தாழப் பத்து மணி நேரம் தியானம். முதல் மூன்று நாள்கள் மூச்சு மூக்கின் வாயிலில் வந்து போவதைக் கவனிப்பது மட்டுமே வேலை. அதைக் கட்டுப்படுத்தவும் கூடாது, எண்ணவும் கூடாது. நான்காம் நாள் முதல் உடலெங்கும் தோன்றும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். இரண்டாம் நாள் மதியம் நான் பையைக் கட்டிவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆறாம் நாள் சோற்றை மென்று விழுங்கியபோது, இத்தனை ஆண்டுகள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தேன்.

வீடு திரும்பிய பின் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். மாலை அமர்வு இரண்டே வாரத்தில் நின்றுபோனது. காலையில் அரை மணி நேரம் மட்டும் நான்கு ஆண்டுகளாகத் தொடர்கிறது. கட்டணம் கிடையாது, முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள். இம்முறையைப் பரப்பிய கோயங்கா, பர்மாவில் வணிகராக இருந்தபோது, தீராத ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடித்தான் தியான ஆசிரியர் ஊ பா கின் அவர்களிடம் சென்றார். தலைவலியைப் போக்கிக்கொள்ள இதைக் கற்க வேண்டாம் என்றே அவருக்கு முதலில் பதில் கிடைத்தது. நீங்கள் எதைத் தேடிச் செல்கிறீர்கள் என்று யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மலையடிவாரம்:
நான் திருவண்ணாமலையில் வசிக்கிறேன். பத்து நாள் விடுப்பு கிடைக்கும்வரை காத்திருக்காமல், பௌர்ணமி அல்லாத ஒரு நாளில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலுடன் தனியாக நடந்து பாருங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் எத்தனை மணி நேரத்தில் முடித்தோம் என்று பெருமை பேசுவோரை அதிகம் கேட்கிறேன். ரமணரோ, நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதைப் போல் மலையைச் சுற்ற வேண்டும் என்பாராம். அவ்வாறு நடந்து எட்டு லிங்கங்களிலும் சற்றே உட்கார்ந்து எழுந்தால் அரை நாள் போய்விடும்; போகட்டுமே. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறு உருவம் கொள்வது அந்த நடையில்தான் தெரியும்.

சிக்குக்கோலம்:
இருவரும் நல்ல வழிகளையே சொல்கிறீர்கள். ஆனால் பத்து நாள் வீட்டை விட்டு யாரால் இருக்க முடியும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள், வேலை, மாமியாரின் மருந்து வேளைகள் என்று ஓடிய நான், கோளாறு மனத்தில்தான் என்று நம்பி மூச்சுப் பயிற்சிச் செயலி ஒன்றைத் தரவிறக்கினேன். அது நாளுக்கு மூன்று முறை மணியடித்து என்னை அமைதியாக இருக்கச் சொன்னது! பிறகு, காலை 5 முதல் 8 வரை நான் செய்யும் வேலைகளைத் தாளில் எழுதிக் கணவரிடம் நீட்டினேன். இப்போது டிபன் பெட்டி கட்டுவதும் பிள்ளைகளைக் கிளப்புவதும் அவர் பொறுப்பு. அதில் மிஞ்சிய இருபது நிமிடத்தில் வாசலில் கோலம் போடுகிறேன்; சிக்குக் கோலத்தில் ஓரிடத்தில் வளைவு தவறினால் கோடு வந்து சேராது, ஆகையால் அவசரப்பட வழியில்லை. பெருங்குடி நண்பரே, பதினொரு மணி அழைப்பை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் கவனித்து என்ன பயன்? முதலில் மேலாளரிடம் பேசுங்கள்.

தாழ்வாரம்:
சகோதரி சொல்வதில் நியாயம் உண்டு. எனினும், அழைப்பே வராத விடுப்பில், சொந்த ஊர்த் திண்ணையிலும் அவர் தவித்திருக்கிறார். சுமையை இறக்கிய பின்னும் தோள் சாய்ந்தே இருப்பதைப் போன்றது அது. அதற்குத் தனியாகப் பயிற்சி தேவை என்றே நினைக்கிறேன்.

பெருங்குடிவாசி:
மூவருக்கும் நன்றி. தலைவலிக் கதை என்னைக் குறித்தே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. முகாமை டிசம்பருக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். இரவு அழைப்புகளைக் குழுவில் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளலாம் என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வரும் சனிக்கிழமை திருவண்ணாமலை செல்கிறேன். கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டு நடக்க எண்ணம். எத்தனை மணிக்குப் புறப்படுவது நல்லது?

மலையடிவாரம்:
நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏறித் தார்ச்சாலை சுட ஆரம்பித்தால், கர்ப்பிணி அரசியும் ஓடத்தான் வேண்டியிருக்கும்.