மடக்கு சைக்கிளில் ‘டக் டக்’ சத்தம், ஹேண்டிலில் ஆட்டம்: கீல்தான் காரணமா?

தெம்பனிஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

நாலு மாசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன். 20 இஞ்ச் சக்கரம், 7 கியர், அலுமினிய பாடி. சிங்கப்பூர்ல இருக்கேன். வீட்டிலிருந்து தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய், மடக்கி ரயில்ல ஏத்திடுவேன். ஜூரோங் ஈஸ்ட்ல இறங்கி, விரிச்சு, ஆபீஸ் வரைக்கும் மறுபடி ஓட்டம். இப்போ ரெண்டு பிரச்சினை.

ஒண்ணு, சத்தம். இடது கால் கீழே இறங்குற ஒவ்வொரு தடவையும் ‘டக்’. சமதளத்துல மெதுவா மிதிச்சா கேக்காது. மேட்டுல அழுத்தி ஏறினா கட்டாயம் வரும். பாடி நடுவுல இருக்கிற பெரிய கீல்லேர்ந்து வர்ற மாதிரிதான் எனக்குத் தோணுது.

ரெண்டாவது, ஹேண்டில். வேகம் 20 கிலோமீட்டரைத் தாண்டினா நடுக்கம். திரும்புறதுக்குக் கை காட்டலாம்னு ஒரு கையை எடுத்தா வண்டி கோணிக்கிட்டு ஓரத்துக்குப் போகுது.

ஒரு கடையில காட்டினேன். பி.பி. (பெடல் தண்டு சுத்துற நடு பேரிங்) போயிடுச்சு, மாத்த 70 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும்னாங்க. ஹேண்டில் பத்திக் கேட்டதுக்கு, சின்னச் சக்கரம்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுல, பேசாம பெரிய சைக்கிளா ஒண்ணு வாங்குங்கன்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல. போன வாரம் பாதி வழியில மழை கொட்டுச்சு. மடக்கி, பஸ்ல ஏறி, நனையாம வீடு வந்து சேர்ந்தேன். பெரிய சைக்கிள்ல அது முடியுமா? என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. காலையில கீல் ‘க்ளக்’னு பூட்டுற சத்தம் கேட்டா அப்பா கிளம்பிட்டார்னு வாசலுக்கு ஓடி வந்துடுவா. இந்த வண்டியை விடாம சரிபண்ண வழி இருந்தா சொல்லுங்க.

ஆலன்கீ_6:

பி.பி.யை இப்போதைக்குத் தொடாதீங்க அண்ணே. 70 வெள்ளியைப் பத்திரமா வையுங்க.

மடக்கு சைக்கிள்ல சத்தம் வர்ற இடத்தைக் காதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. நடுக் குழாய் தடிமனா, உள்ள காலியா இருக்கு. தவில் மாதிரி, எங்க தட்டினாலும் மொத்தமும் பேசும். அதனால ஒவ்வொரு மூட்டா விலக்கிக்கிட்டே வரணும். சாதாரண சைக்கிள்ல இல்லாத மூட்டு இதுல நாலஞ்சு இருக்கு: நடுக் கீல், ஹேண்டில் போஸ்ட் (ஹேண்டிலைத் தாங்குற நீளக் குழாய்) கீல், நீளமான சீட் போஸ்ட், மடக்குற பெடல் ரெண்டு.

முதல்ல சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிங்க. சத்தம் நின்னுடுச்சுன்னா சீட் போஸ்ட்தான். தினமும் ஏத்தி இறக்குறதால அதுல மண்ணும் வியர்வையும் ஒட்டியிருக்கும். உருவி எடுத்து, போஸ்டையும் குழாயோட உள்பக்கத்தையும் துணியால துடைச்சாலே போதும். கிரீஸ் அப்பிடாதீங்க, நீங்க உக்காந்ததும் வழுக்கி இறங்கும்.

அடுத்து நடுக் கீல். திறந்து, ரெண்டு முகமும் ஒட்டுற இடத்தைத் துடைச்சு, விரல் நுனியால மெல்லிசா கிரீஸ் தடவுங்க. லீவர் பாதி தூரம் வந்ததும் இறுக ஆரம்பிக்கணும், மீதியை உள்ளங்கையால அழுத்தித்தான் மூட முடியணும். ரெண்டு விரல்ல மூடுதுன்னா தளர்ந்திருக்குன்னு அர்த்தம்.

கடைசியா பெடல். என் சந்தேகம் இதுமேலதான், ஏன்னா இடது கால்ல மட்டும் வருதுன்னு சொல்றீங்க. வேற பெடல் ஜோடி கிடைச்சா மாட்டிப் பாருங்க. இடதை வலதுல மாத்திப் போட்டுப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, இடது பெடலுக்கு மரை தலைகீழ். அதைக் கழட்ட ஸ்பேனரைக் கடிகார முள் போற பக்கமாத் திருப்பணும். இது தெரியாம பலம் போட்டு கிராங்க் (பெடல் மாட்டுற தண்டு) மரையையே உரிச்சுட்டு வந்து நிக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

வேகநடை:

வீட்டுல சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. 20 இஞ்ச் சக்கரத்துல ரெண்டு மடங்கு மிதிக்கணும், நிலையாவும் நிக்காது. நான் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு விட்டுட்டேன்.

மெல்லமிதி:

வேகநடை, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும் என்பது தவறு. இது பலரை மடக்கு சைக்கிள் பக்கமே வரவிடாமல் செய்வதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1.5 இஞ்ச் டயர் போட்ட 20 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.52 மீட்டர் போகும். 32 மி.மீ. டயர் போட்ட, பெரிய சைக்கிளின் 700 சக்கரம் சுமார் 2.15 மீட்டர். அந்தக் குறையை முன் பல்சக்கரம் ஈடுகட்டிவிடுகிறது. முன்னால் 52 பல், பின்னால் 14 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி கிட்டத்தட்ட 5.6 மீட்டர் நகரும். பெரிய சைக்கிளில் 44க்கு 17 போட்டாலும் அதே 5.6தான். அதிகம் சுற்றுவது சக்கரம், உங்கள் கால் இல்லை. அதனால் டயர் சீக்கிரம் தேயும் என்பது மட்டும் உண்மை.

சின்னச் சக்கரம் வேகத்துக்கு ஆகாது என்ற பேச்சும் பழையது. இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன், மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்த அதே பொறியாளர், 1962இல் 16 இஞ்ச் சக்கர சைக்கிளைக் கொண்டுவந்தார். சின்னச் சக்கரம் கடினமாக உருள்வதற்கு மருந்து அதிகக் காற்றழுத்தம், அதனால் வரும் அதிர்வுக்கு மருந்து சஸ்பென்ஷன் என்பது அவர் கணக்கு. 1986இல் வான்கூவரில் காற்றுத்தடுப்புக் கூடு போட்ட ஒரு மோல்டனில் ஜிம் கிளோவர் மணிக்கு 82 கிலோமீட்டரைத் தாண்டினார். மடக்கு சைக்கிளுக்குப் பெயர்போன பிராம்ப்டனும் பெரும்பாலும் 16 இஞ்ச்தான். ஆண்ட்ரூ ரிச்சி எழுபதுகளில் லண்டனில் தன் படுக்கையறையில் வைத்து முதல் மாதிரியைச் செய்தார். ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே அதற்கு வைத்தார்.

ஸ்டியரிங் லேசாக இருப்பது மட்டும் இந்த வண்டிகளின் உடன்பிறந்த குணம். சின்னச் சக்கரத்தில் சுழல் விசை குறைவு. தானாக நேராகும் இழுப்பும் பெரும்பாலும் குறைவு. விரல் அசைத்தாலே திரும்பும். முதல் இரண்டு வாரம் பயமாக இருக்கும், பிறகு தேக்கா சந்துக்குள் நெளிந்து போகும்போது அதுவே சுகமாகிவிடும். ஆனால் தெம்பனிஸ்காரன் ஓட்டி நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் கை எடுக்க முடியவில்லை, நடுக்கம் வேறு. இது குணம் இல்லை, கோளாறு. டயரில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள்?

தெம்பனிஸ்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி பொண்ணு தூங்கினதும் வண்டியை ஹால்ல விரிச்சுப் போட்டு உக்காந்தேன்.

காத்து 35 பி.எஸ்.ஐ. இருந்துச்சு. டயர் ஓரத்துல 65 வரைக்கும்னு போட்டிருக்கு. 60 அடிச்சேன். உருள்றதுல பெரிய வித்தியாசம், ஹேண்டில் நடுக்கம் கொஞ்சம்தான் குறைஞ்சுது.

சத்தம்: நின்னு மிதிச்சும் வந்துச்சு, அப்போ சீட் போஸ்ட் இல்ல. கீலைத் துடைச்சு கிரீஸ் தடவினேன், அப்பவும் வந்துச்சு. கீழ் மாடி நண்பரோட சைக்கிள்லேர்ந்து பெடல் ரெண்டும் கடன் வாங்கி மாட்டினேன். சத்தமே இல்லை! ப்ளோக் சுத்தி ஆறு ரவுண்டு போனேன். கழட்டின இடது பெடலைக் கையில வச்சு அழுத்திப் பாத்தா, மடக்குற இடத்துல பிளாஸ்டிக் தேஞ்சு அரை மில்லிமீட்டர் ஆடுது. அவ்வளவுதான் விஷயம். ஆலன்கீ_6, நீங்க என் 70 வெள்ளியைக் காப்பாத்திட்டீங்க.

ஹேண்டில்தான் இன்னும் புரியல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கிளமெண்டி_மடக்கு:

தம்பி, பதினோரு வருஷமா மடக்கு சைக்கிள் ஓட்டுறேன். சத்தம் போடுற பெடல் ஆளைக் கீழே தள்ளாது. நீங்க முதல்ல கவனிக்க வேண்டியது ஹேண்டில்தான், அதனால இதைப் பொறுமையாப் படிங்க.

முன் பிரேக்கை இறுக்கப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. இன்னொரு கையோட விரலை முதல்ல ஃபோர்க்கும் பாடியும் சேர்ற இடத்துல வையுங்க. அங்க ‘நொடுக்’னு விரல்ல பட்டா ஹெட்செட் பேரிங் தளர்ந்திருக்கு. அப்புறம் விரலை மேலே ஹேண்டில் போஸ்ட் மடங்குற கீல் இடுக்குல வையுங்க. அங்க பட்டா லீவர் தளர்ந்திருக்கு. நிறைய மாடல்ல லீவருக்குள்ளயே ஒரு திருகோ நட்டோ இருக்கும். கால் சுத்து திருப்பி மூடிப் பாருங்க, பத்தலன்னா இன்னொரு கால் சுத்து. ஒரேயடியா முறுக்காதீங்க. ஓட்டும்போது லீவர் தானா திறக்காம ஒரு கொக்கி இருக்கும், அது விழுதான்னும் பாருங்க.

இன்னொண்ணு, இதைத் தவறவிடாதீங்க. போஸ்டோட அடியில வெல்டிங் சுத்தியும், கீலோட காதைச் சுத்தியும் நல்லா துடைச்சுட்டு, டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. நேரா அடிச்சா தெரியாது. மேட்டுல ஏறும்போது ஹேண்டிலைப் பிடிச்சு இழுக்கிற பழக்கம் உங்களுக்கோ பழைய ஓனருக்கோ இருந்தா அந்த இடம்தான் முதல்ல அடி வாங்கும்.

தெம்பனிஸ்காரன்:

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். விரல்ல பட்டது மேல் கீல்ல. லீவர் ரெண்டு விரல்ல மூடுற அளவுக்குத் தளர்ந்திருந்துச்சு. அரைச் சுத்து இறுக்கினதும் ஆட்டம் போச்சு. இவ்வளவு எளிசான்னு சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் துணியால துடைச்சுட்டு டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சேன். கீலுக்குக் கீழே, வெல்டிங் ஓரத்துல, ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி அளவுதான், நீளம் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். பெயிண்ட்ல விழுந்த கீறல்னு நினைச்சு மறுபடி துடைச்சேன். போயிடுச்சு. ஹேண்டிலை முன்பக்கமா நாலு தடவை அழுத்தினேன், அதே இடத்துல கோடு திரும்ப வந்துச்சு, எண்ணெய் கசியுற மாதிரி. நகத்தை வச்சு இழுத்தா மாட்டுது. இது பெயிண்ட்தானா?

கிளமெண்டி_மடக்கு:

இல்ல தம்பி. துடைச்சும் திரும்பி வருதுன்னா உலோகம் விரிசல் விட்டிருக்கு. அழுத்தும்போது விரிசல் வாய் திறந்து மூடும், உள்ள இருக்கிற அழுக்கும் அலுமினியப் பொடியும் வெளியே வரும். அதுதான் அந்தக் கறுப்பு.

இந்த வண்டியில இனி ஒரு மீட்டர்கூட ஓட்டாதீங்க. ஸ்டேஷனுக்கு இன்னிக்கு மட்டும்னுகூட வேண்டாம். பொண்ணை முன்னாடி உக்கார வச்சு ஓட்டுற பழக்கம் இருந்தா இப்பவே நிறுத்திடுங்க. போஸ்ட் இவ்வளவு உயரம், உங்க கை பலம் முழுக்க நெம்புகோல் மாதிரி அந்த ஒரே இடத்துல இறங்குது. அலுமினியம் மெதுவா வளைஞ்சு எச்சரிக்காது, ஒரு நாள் மொத்தமா முறியும். கையில ஹேண்டில் மட்டும் மிச்சமிருக்கும். வெல்டிங் வச்சுச் சரி பண்ணலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, வெல்டிங் சூட்டுல சுத்தி இருக்கிற அலுமினியம் பலம் இழந்துடும். போஸ்டை முழுசா மாத்துங்க.

ஆலன்கீ_6:

அக்கா சொன்னதுதான். புதுசு வாங்கும்போது பழைய போஸ்டைக் கையில எடுத்துட்டே போங்க. அடியில ஃபோர்க் குழாயோட சேர்ற விட்டம், மடங்கின பிறகு உயரம், மடங்குற பக்கம், மூணும் பொருந்தணும். மாட்டினதும் ஹெட்செட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்க. அப்படியே மாத்து டியூப் ஒண்ணும் வாங்கி வைங்க. உங்க டயர்ல 406னு (ரிம் விட்டம், மில்லிமீட்டர்ல) இருக்கான்னு பாருங்க. 451னு இன்னொரு அளவு இருக்கு, அதுவும் 20 இஞ்ச்னுதான் பேரு, 45 மில்லிமீட்டர் பெருசு. அதுக்கான டயர் உங்க ரிம்ல உக்காரவே உக்காராது.

தெம்பனிஸ்காரன்:

பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதுறேன். போஸ்ட் கிடைக்க மூணு கடை ஏறி இறங்கினேன். மூணாவது கடைப் பெரியவர் பழைய போஸ்டை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, எத்தனை நாளா இதுல ஓட்டுறேன்னு கேட்டார். சொன்னேன். ஒண்ணும் பேசாம, அந்த இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால வட்டம் போட்டு, கடையில வேலை கத்துக்குற பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். போஸ்டுக்கும் கூலிக்கும் சேத்து 95 வெள்ளி ஆச்சு. சாதாரணமான, மடங்காத பெடல் ஒரு ஜோடியும் போட்டுக்கிட்டேன். மடக்கினா கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்குது, ஆனா ரயிலுக்கு அனுமதிச்ச 120, 70, 40 சென்டிமீட்டருக்குள்ள அடங்குது, டேப் வச்சு அளந்துட்டேன். டயர் 406தான், டியூப் வாங்கி சீட்டுக்கு அடியில கட்டி வச்சிருக்கேன்.

அக்கா, பொண்ணை நான் முன்னாடி வச்சு ஓட்டினதில்லை. ஆனா அடுத்த மாசம் குட்டி சீட் ஒண்ணு மாட்டலாம்னு பாத்து வச்சிருந்தேன். நீங்க எழுதினதைப் படிச்சதும் எழுந்து போய் அவ தூங்குறதைப் பாத்துட்டு வந்தேன்.

இன்னிக்குக் காலையில ஸ்டேஷன் பக்கம் திரும்புறப்போ இடது கையை எடுத்து நீட்டினேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராப் போச்சு.