மெமோவுக்குப் பிறகு ‘சார்’ என்கிறார்கள்: பொறுப்பாளருக்கு மரியாதை எப்படி வரும்?

அரசூர் ஷிப்ட் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவை அரசூர்ப் பக்கம், பம்புகளுக்கு வார்ப்படம் செய்து கொடுக்கும் ஒரு பவுண்டரியில் ஏழு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். நான்கு மாதங்களுக்கு முன், மணலில் அச்சு (மோல்டு) போடும் மோல்டிங் பகுதியின் இரண்டாம் ஷிப்ட்டுக்குப் பொறுப்பாளராக வந்தேன். எனக்கு வயது 31. என் கீழ் வேலை செய்யும் 22 பேரில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்; தலைமை மோல்டருக்கு 54 வயது, நான் பள்ளியில் சேரும் முன்பே அவர் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். எனக்கு முன் இருந்த பொறுப்பாளரை எல்லோரும் ‘சார்’ என்றார்கள்; என்னைத் ‘தம்பி’ என்றார்கள். நான் உள்ளே நுழைந்தால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, உட்கார்ந்திருப்பவர் எழுவதில்லை. இவை சின்ன விஷயங்கள் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், யார் எழுந்தார், யார் எழவில்லை என்று தினமும் மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சென்ற மாதம் மழை பெய்த ஒரு மாலையில், உலையில் இரும்பு உருகிக்கொண்டிருந்தபோது, அந்தத் தலைமை மோல்டர் மணலை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “ஈரம் தூக்கலா இருக்குதுங்க தம்பி, இந்த மணலு வேண்டாம், அடுத்த கலவை வரட்டும்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஷிப்ட் தொடங்கும்போது எடுத்த அளவில் ஈரம் 3.6 சதவீதம் என்று என் கையில் தாள் இருந்தது. தரக்கட்டுப்பாட்டிலிருந்து வந்தவனுக்கே பாடம் எடுக்கிறாரே என்ற எரிச்சலில், அதே மணலில் மோல்டு போடச் சொன்னேன். மறுநாள் வார்ப்படங்களைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கில் பார்த்தால், 160 கேசிங்குகளில் (பம்பின் வெளிக்கூடு) 43-இல் ப்ளோ ஹோல், அதாவது வாயு புகுந்த துளை. அறிக்கையில் காரணம் கேட்கும் கட்டத்தில் ‘மோல்டிங் குறைபாடு’ என்று எழுதினேன். மேலாளர் தலைமை மோல்டருக்கு மெமோ கொடுத்தார்.

அன்றிலிருந்து அவரும் என்னைச் ‘சார்’ என்றுதான் அழைக்கிறார். மற்றவர்களும் அப்படியே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வருகிறது. டீ நேரத்தில் நான் அருகே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் எதை எதிர்பார்த்தேனோ அது அப்படியே கிடைத்திருக்கிறது, ஆனால் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். கேட்டால் இருக்கிற மரியாதையும் போய்விடுமோ என்றும் பயப்படுகிறேன். தன்மானத்தை விடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பீளமேட்டுப் பெரியவர்:

தம்பி, நான் 1979-இல் உதவியாளாகச் சேர்ந்து, 38 ஆண்டுகள் பவுண்டரியிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் மணலைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸில் ஊற்றும் இரும்பு ஈர மணலைத் தொட்டவுடன், மணலில் உள்ள தண்ணீர் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது; அந்த ஆவி மணலின் இடுக்கு வழியாக வெளியேறும் அளவுக்கு மேல் போனால், இரும்புக்குள்ளேயே புகுந்து துளையாக நின்றுவிடுகிறது. கார்பைடு பொடியோடு மணலைக் குடுவையில் போட்டுக் குலுக்கி, எழும் வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு ஈரம் காட்டும் மீட்டர் உங்களிடமும் இருக்கும். அது நல்ல கருவிதான். ஆனால் குடுவைக்குள் போட்ட மணலைப் பற்றி மட்டும்தான் அதற்குத் தெரியும். ஷிப்ட் தொடக்கத்தில் போட்ட மணல் வேறு, மழையில் நனைந்த புது மணல் கலந்து மாலையில் வந்த மணல் வேறு. பிடித்துப் பார்ப்பதும் குருட்டு வித்தை ஆகாது. கையில் ஒட்டுகிறதா, விரல் தடம் எவ்வளவு ஆழமாக விழுகிறது, இரண்டாக உடைத்தால் விளிம்பு நிற்கிறதா உதிர்கிறதா என்று ஆயிரம் முறை பார்த்தவருடைய கை, அந்த நேரத்து மணலைச் சொல்லும். நீங்கள் அவர் கையை நம்பியிருக்கவே தேவையில்லை. “மீட்டரைக் கொண்டு வாங்க, இப்பவே ஒரு தடவை பார்த்துடலாம்” என்று சொல்லியிருந்தால் சில நிமிடங்களில் விடை தெரிந்திருக்கும். யார் சொன்னது சரியாக வந்திருந்தாலும் உங்களுக்குக் கௌரவம் குறைந்திருக்காது.

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். யார் எழுந்தார், யார் எழவில்லை என்பதற்குப் பல வரிகள் கொடுத்திருக்கிறீர்கள்; அறிக்கையில் எழுதிய அந்த இரண்டு சொற்களை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். தவறான முடிவு எடுத்ததற்காக அந்த 22 பேரில் ஒருவர்கூட உங்களை வெறுத்திருக்க மாட்டார். வார்ப்படம் போவது எங்கள் தொழிலில் புதிதா என்ன? எச்சரித்தவர் தலையிலேயே பழியைப் போட்டதைத்தான் அவர்களால் மறக்க முடியவில்லை.

சோமனூர்த் தறிக்காரன்:

பெரியவர் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. கூலிக்கு நெய்யும் சின்ன தறிக்கூடம் ஒன்றை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூத்தவரும் அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல் உங்களைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். பொறுப்பாளர் ஒருமுறை தலையைக் குனிந்துவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு மறுப்பு வரும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நம் ஊரில் மரியாதை வந்த வழியே வேறு. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்ட தம் முதல் பேருந்தைத் தாமே ஓட்டினார் என்று பெருமையாகச் சொல்கிறோம் அல்லவா? அதுபோல, பழையதைக் கிளறாமல், ஒரு வாரம் அவர்களோடு சேர்ந்து நீங்களும் மோல்டு போடுங்கள். தானாகச் சரியாகிவிடும்.

திருப்பூர் ஓவர்லாக் அக்கா:

சோமனூர் அண்ணா சொல்லும் வைத்தியம் எங்கள் லைனில் பலிக்காது. நான் பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் டெய்லராகி, இப்போது ஒரு லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாக வரும் சூப்பர்வைசர் திடீரென்று மெஷினில் உட்கார்ந்து பத்து பீஸ் தைத்துக் காட்டினால், பெண்கள் குனிந்து சிரித்துக்கொள்வார்கள். நாயுடு அன்று வண்டி ஓட்டினார் என்றால், அது அன்றைக்கு அவருடைய வேலையாக இருந்தது. மெமோவை அப்படியே வைத்துவிட்டு அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்று மோல்டு போட்டால், அவருக்கு அது நடிப்பாகத்தான் தெரியும்.

நான் சூப்பர்வைசரான முதல் வருடத்தில், ஒரு ஆர்டருக்கு பனியனின் கைப்பகுதித் துண்டுகள் போதவில்லை என்று, வேறு ரோலில் வெட்டியதை எடுத்து லைனில் விட்டேன். செக்கிங்கில் இருந்த ஒரு பெண், “அக்கா, நெறம் ஒட்டலைங்க” என்று முதல் கட்டு தைக்கும்போதே சொன்னாள். ஏற்றுமதித் தேதி நெருங்கிய பதற்றத்தில் அவளை அதட்டி உட்கார வைத்தேன். முடிவில் ஏறக்குறைய 300 பீஸுக்குக் கை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை மெஷின்களை நிறுத்தச் சொல்லி, “அவ சொன்னா, நான் கேக்கலை, இது என்னாலே வந்தது” என்று சொன்னேன். கால் நடுங்கியது உண்மை. ஆனால் அந்தப் பேச்சால் மட்டும் எதுவும் மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு ஆல்டரேஷன் பார்க்கும் நேரத்துக்குக் காசு கிடையாது என்பதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். தவறு என்னுடையது, எனவே பிரித்துத் தைத்த மணிகளுக்கும் கூலி போட வேண்டும் என்று நான் அலுவலகத்தில் இரண்டு நாள் நின்று வாங்கினேன். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான், அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

இன்னொன்று. ‘தம்பி’ என்றதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டீர்களே, அவர் என்ன சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “இருக்குதுங்க தம்பி.” 54 வயதுக்காரர் 31 வயதுக்காரரிடம் ‘ங்க’ போட்டுப் பேசியிருக்கிறார். நம் பக்கத்தில் அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? சொந்தத் தம்பியாக இருந்தால் அந்த ‘ங்க’கூட வந்திருக்காது. இப்போது வரும் ‘சார்’ உங்களைத் தள்ளி நிறுத்துவதற்காக வருவது.

பீளமேட்டுப் பெரியவர்:

சோமனூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. உலையில் இரும்பு தயாராகும் நேரத்தில் பொறுப்பாளரைத் தனியே அழைத்துப் போய்ப் பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாதுங்க. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கரண்டும் வீண், இரும்பின் சேர்மானமும் மாறும். அந்த இடத்தில் உரக்கச் சொல்வதுதான் ஒழுங்கு. சொல்லாமல் இருந்திருந்தால் அதுதான் அவமதிப்பு.

பெருந்துறை பணியாளர் பிரிவு:

ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருப்பவன் என்ற முறையில், யாரும் இன்னும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். மெமோ என்பது அந்த மனிதரின் கோப்பில் இருக்கும் ஒரு தாள். பின்னாளில் வேறு ஏதாவது விசாரணை வந்தால், தண்டனையை முடிவு செய்யும்போது தொழிலாளியின் முந்தைய பதிவையும் பார்ப்பது வழக்கம். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருக்கும் ஒருவருக்கு, கறையில்லாமல் வெளியேறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனவே நீங்கள் டீக்கடையில் நூறு முறை வருத்தம் தெரிவித்தாலும் அந்தத் தாள் கோப்பிலேயே இருக்கும். மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்த மணல், யார் எச்சரித்தார், முடிவு யாருடையது, அறிக்கையின் காரணத்தைத் திருத்த வேண்டும், மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். உங்கள் மீது நடவடிக்கை வரக்கூடும், அதையும் எதிர்பார்த்தே எழுதுங்கள். மெமோ ரத்தான கடிதத்தின் நகல் அவர் கைக்குப் போன பிறகு, நீங்கள் பேச வேண்டியதைப் பேசலாம். இந்த வரிசை மாறக் கூடாது என்பது என் கருத்து.

அரசூர் ஷிப்ட்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முதல் நாள் படித்தபோது கோபம்தான் வந்தது. குறிப்பாகப் பெரியவர் வரிகளை எண்ணிக் காட்டியதற்கு. மூன்று நாள் கழித்துத்தான் கடிதம் எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டு, “இதை அன்னைக்கே எழுதியிருக்கலாமே” என்றார். மெமோவை ரத்து செய்துவிட்டு, எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அந்த மாத ஊக்கத்தொகையும் கிடைக்கவில்லை. தலைமை மோல்டரிடம் நகலைக் கொடுத்து, “தப்பு என்னுதுங்க அண்ணா” என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். சோமனூர் அண்ணா பயந்ததுபோல யாரும் என் உத்தரவை மறுக்கவில்லை. அதே சமயம் யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை.

இப்போது மிக்ஸருக்குப் பக்கத்திலேயே ஈர மீட்டரை வைத்து, யார் சந்தேகப்பட்டாலும் என்னைக் கேட்காமலே கலவையை நிறுத்தி அளவு எடுக்கலாம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்து நாட்கள் யாரும் அதைத் தொடவில்லை. நேற்று மாலை மீண்டும் மழை. அவர் ஒரு பிடி மணலை எடுத்து அழுத்திப் பார்த்தார், பேசாமல் என் பக்கம் நீட்டினார். நானும் வாங்கி அழுத்திப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை, அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அளவு எடுத்தோம். 4.7 காட்டியது. கலவையைத் தள்ளச் சொன்னேன்.

“தெரியறதுக்கு ரெண்டு மழைக்காலம் ஆகுமுங்க” என்றார் அவர். இந்த முறை ‘சார்’ என்றும் சொல்லவில்லை, ‘தம்பி’ என்றும் சொல்லவில்லை.